டர்போவ மாத்துறதுக்கு முன்னாடி இதப் படி

டேய் சேகரு,

எப்படி இருக்க, அம்மா முழங்கால் வலி பரவாயில்லையா. நலம் விசாரிப்பு இவ்ளோதான், மிச்சத்த போன்ல பேசிக்கலாம். நேத்து பாபு பேசுனான். உன் வண்டில இன்ஜின் லைட் எரியுது, பிக்கப்பே இல்ல, இன்ஜினுக்குக் காத்த அமுக்கித் தள்ளுற டர்போ போச்சுன்னு மெக்கானிக் சொல்லிட்டாரு, நீயும் தலையாட்டிட்டு வந்துட்டன்னு சொன்னான். பாபு சொல்றதுல பாதிய தள்ளிறணும்னு நமக்குத் தெரியும், ஆனா மீதி பாதியே எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, ஏன்னா போன மாசம் எனக்கும் அச்சு அசலா இதேதான்.

லாரி ஒண்ண ஓவர்டேக் பண்றேன், மூணாவது கியர், ஆக்சிலேட்டர் முழுசா அழுத்தியாச்சு, பாதி லாரியக் கூட தாண்டல, மஞ்சள் லைட் வந்துச்சு, வண்டி அப்படியே உக்காந்துருச்சு. ஆர்பிஎம் 3000 தாண்ட மாட்டேங்குது. எதிர்ல வண்டி வருது, பின் சீட்ல பாப்பா தூங்குறா. பிரேக்க அழுத்தி எப்படியோ லாரிக்குப் பின்னாலயே வந்துட்டேன்டா, ஆனா கை நடுக்கம் நிக்க ரொம்ப நேரமாச்சு. ஓரங்கட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது, அடுத்த மேடு வந்ததும் திரும்ப அதே கூத்து.

இதுதான் லிம்ப் மோட். கேட்ட காத்தழுத்தம் வரலன்னதும் வண்டியோட கம்ப்யூட்டர் பயந்துபோய் பூஸ்ட்டையும் (டர்போ ஏத்துற அந்த அழுத்தம்தான்) டீசலையும் தானே குறைச்சுக்குது, மெதுவா வீடு போய்ச் சேருன்னு. முழுசா உடைஞ்ச டர்போ சாவிய திருப்புனதும் சரியாயிடாது, அத மனசுல வச்சுக்கோ.

என்கிட்டயும் டர்போன்னுதான் சொன்னாங்க. ஸ்கேனர்ல வந்த கோளாறு கோட் பி0299, அண்டர்பூஸ்ட். அதப் பாத்த உடனே டர்போ மாத்தணும்னு முடிவு. ஏன்டா, கேட்ட பூஸ்ட் கிடைக்கலன்னு மட்டும்தானே அந்த கோட் சொல்லுது? காத்து போற ஹோஸ் கிழிஞ்சிருந்தாலும் கிடைக்காது, கிளாம்ப் லூஸா இருந்தாலும், டர்போவக் கட்டுப்படுத்துற ஆக்சுவேட்டருக்குப் போற வேக்கம் டியூப் வெடிச்சிருந்தாலும், டர்போவுக்குள்ள வேன்ஸ்ல (புகையத் திருப்புற குட்டித் தகடுங்க) கரி புடிச்சு இறுகிட்டாலும், புகையக் கொஞ்சம் திரும்ப இன்ஜினுக்குள்ள விடுற ஈஜிஆர் வால்வு திறந்த வாக்குல மாட்டிக்கிட்டாலும் கிடைக்காது, எல்லாத்துக்கும் அதே கோட் வரலாம். காய்ச்சல்னு போனவனுக்கு நேரா ஆபரேஷன் தேதி குடுத்த கதையா இருக்கு.

அதனால ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கே ஓபிடி சாக்கெட், அதுல ப்ளூடூத் ஸ்கேனர சொருகி லைவ் டேட்டாவ நானே பாத்தேன். (சிரிக்காத. நீல ஸ்கூட்டர அக்குவேறா பிரிச்சவன்தான், ஆனா இதுல எதையும் பிரிக்கல.) முதல்ல இன்ஜின் ஓடாம சாவிய மட்டும் ஆன் பண்ணி மேப் சென்சாரப் (இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்த அளக்குறது) பாரு, சமவெளில கிட்டத்தட்ட 100 கிலோபாஸ்கல் காட்டணும், அது சும்மா வெளிக்காத்தோட அழுத்தம். ரொம்ப விலகியிருந்தா சென்சார் மேலயே சந்தேகம். எனக்கு சரியா இருந்துச்சு. அப்புறம் காலியான ரோட்ல மச்சான் ஓட்ட நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன், மேட்டுல மூணாவது கியர்ல முழு அழுத்து. கம்ப்யூட்டர் கேக்குறது 220 கிலோபாஸ்கல், வர்றது 150. ரெயில் பிரஷர், அதாவது டீசல் குழாயோட அழுத்தம் மட்டும் கேட்டது கேட்டபடி வருது, அப்போ டீசல் ஃபில்டர், பம்ப் பக்கம் தப்பில்ல. பின்னாடி கரும்புகை வேற. அந்தப் புகையிலதான் எனக்கு மண்டைல பல்பு எரிஞ்சுது. உள்ள வர்ற காத்த மாஃப் சென்சார் டர்போவுக்கு முன்னாலயே அளந்துடுது, அந்தக் கணக்குக்குத்தான் டீசல் போகுது, நடுவுல காத்து எங்கயோ ஓடிப்போயிட்டா டீசல் மட்டும் மிச்சம், அது புகையா வருது.

டர்போ காத்தக் குளிர வைக்கிற இன்டர்கூலர்லேர்ந்து இன்ஜினுக்குப் போற ரப்பர் ஹோஸ். மேல கை வச்சா புதுசு மாதிரி இருக்கு. அடில விரல விட்டுத் தடவுனா பிசுக்கு, எண்ணெயும் தூசியும் சேந்து அப்பிக் கெடக்கு, துடைச்சுட்டு லேசா முறுக்குனா விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல் திறக்குது, விட்டா மூடிக்குது. பூஸ்ட் ஏறும்போது மட்டும்தான் அது வாயத் திறக்கும், நிக்கிற வண்டில ரேஸ் குடுத்துப் பாத்தா லோடே இல்ல, பூஸ்ட் பெருசா ஏறாது, எப்படித் தெரியும்? ஹோஸ் மாத்துனேன், 220 கேட்டா 220 வருது, லைட்டும் வரல.

உனக்கும் ஹோஸ்தான்னு சத்தியம் பண்ணல. உண்மையாவே டர்போவா இருக்கலாம். அதுக்கும் செக் இருக்கு, ஆறுன இன்ஜின்ல இன்டேக் பைப்பக் கழட்டிட்டு டர்போவோட ஷாஃப்ட்ட (சுத்துற தண்டு) ஆட்டிப் பாக்கச் சொல்லு. பக்கவாட்டுல துளி ஆட்டம் சகஜம், முன்னபின்ன ஆடினாலோ பிளேடு சுவத்துல உரசியிருந்தாலோ டர்போ காலிதான், அப்போ மாத்து, நான் வாயே திறக்கல.

இப்போ சீரியஸா ஒண்ணு. நீ கோட அழிச்சு அழிச்சு ஓட்டிட்டு இருக்கன்னு பாபு சொன்னான், அத நிறுத்து. நிறைய வண்டில இந்த மாதிரி கோளாறு இருக்கறப்போ டிபிஎஃப் ரீஜெனரேஷன், அதாவது புகை ஃபில்டர்ல சேந்த கரிய எரிச்சுச் சுத்தம் பண்றத, கம்ப்யூட்டர் நடக்க விடாது, கரியும் காத்தழுத்தம் இல்லாததால அதிகமா வருது, ஃபில்டர் அடைச்சா ஹோஸ் செலவோட போறது ஃபில்டர் செலவுல போய் முடியும். ரீஜென் பாதில பாதில நின்னா எரியாத டீசல் ஆயில்ல கலக்கும், டிப்ஸ்டிக்க எடுத்துப் பாரு, லெவல் ஏறியிருந்தா ஓட்டாத, முதல்ல ஆயில மாத்து. இன்னொண்ணு, ஓடுற இன்ஜின்ல டீசல் லைன் எங்கயாவது கசியுதான்னு கைய வச்சுப் பாக்காத, டீசல் ரெயில்ல அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல போகும், தோலுக்குள்ளயே பாய்ஞ்சிடும். முக்கியமா சரியாகுற வரைக்கும் ஓவர்டேக்கே வேணாம்டா, ப்ளீஸ்.

அடுத்த தடவ லைட் வந்தா அழிக்காம ஃப்ரீஸ் ஃப்ரேம போட்டோ எடுத்து அனுப்பு, எந்த ஆர்பிஎம்ல, எவ்ளோ லோடுல விழுந்துச்சுன்னு அதுல இருக்கும். ஸ்கேனர் வேணும்னா பாபுகிட்ட குடுத்து விடுறேன், ஆனா அவன்கிட்டேர்ந்து உன் கைக்கு வந்து சேர்றதுக்கு நான் பொறுப்பில்ல.

குமாரு