வெதுவெதுப்பான கடல்நீருக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஆன்டிஃபவுலிங் பெயிண்ட் குறித்த புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். டின்னில் அச்சிட்டுள்ள 12 மாதப் பாதுகாப்பு என்ற உறுதியையும் தங்கள் தொழில்நுட்ப ஆலோசகரின் பரிந்துரையையும் நம்பி, எனது ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகின் அடிப்பகுதிக்குத் கடலுயிரிகள் ஒட்டாமல் தடுக்கும் தங்களது செல்ஃப் பாலிஷிங் (தானே தேய்ந்து புதுப்பித்துக்கொள்ளும்) வகை ஆன்டிஃபவுலிங் பெயிண்டைப் பூசினேன். நான்கே மாதங்களில் ஏராவும் (படகின் அடிமுதுகுக் கட்டை) சுக்கானும் கொட்டலசுகள் என்னும் ஓடுடைய ஒட்டுயிரிகளால் மூடிக் கிடந்தன.

பூசியதில் குறையில்லை. பழைய பூச்சைத் தேய்த்து, மேற்பூச்சு தேய்ந்து தீர்ந்தால் தெரியும் அடையாளத்துக்காகச் சிவப்பில் ஒரு பூச்சும் அதன்மேல் கறுப்பில் இரண்டு பூச்சும் கொடுத்து, தாங்கள் குறித்த நேரம் காயவிட்ட பிறகே படகை நீரில் இறக்கினேன்.

கரையேற்றிச் சுரண்டியபோது ஓடுகள் பெயர்ந்து வந்தன. அவற்றின் அடித்தட்டுகள் வெள்ளை வட்டங்களாக ஒட்டியே நின்றன. சுற்றிலும் கறுப்பு அப்படியே இருக்க, சிவப்பு ஓரிடத்திலும் எட்டிப் பார்க்கவில்லை. பூச்சு தேய்ந்து தீரவில்லை, தேயவே இல்லை என்பதற்கு இதுவே சான்று. நீரோட்டம் உரச உரச மேலடுக்கு கரைந்து புதிய செம்பு ஆக்சைடு வெளிப்பட வேண்டிய இப்பூச்சு, வாரத்தில் ஐந்து நாள் கட்டிய இடத்திலேயே நிற்கும் படகில், அதுவும் ஆண்டு முழுவதும் இளம் உயிரிகள் வந்து ஒட்டும் வெதுவெதுப்பான நீரில், எப்படித் தாக்குப்பிடிக்கும்?

படகு பெரும்பாலும் நின்றே இருக்கும் என்பதை ஆலோசகரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். செம்பு மிகுந்த, தேயாமல் நிற்கும் கடினவகைப் பூச்சை அவர் பரிந்துரைத்திருக்கலாம். ஆண்டுதோறும் அடுக்கடுக்காகத் தடித்துவிடும், கரையில் நெடுநாள் காய்ந்தால் வீரியம் குறையும் என்ற அதன் குறைகளைத் தெரிந்தே ஏற்றிருப்பேன். தொடர்ந்து ஓடும் படகுகளுக்கே இப்பெயிண்ட் பொருந்தும் என்ற வரி தங்கள் தொழில்நுட்பக் குறிப்பேட்டில் இருக்கிறது, டின்னில் இல்லை. என் மனத்தாங்கல் இதுதான்.

வீரியம் மிக்க, ஆனால் கடலுயிரிகளுக்குக் கேடான வெள்ளீயச் சேர்மமாகிய டிரைபியூட்டைல்டின் கலந்த பூச்சுகளைத் தடைசெய்த சர்வதேச உடன்படிக்கை 2008-இல் நடைமுறைக்கு வந்ததை நான் மனதார வரவேற்பவன். அந்தப் பழைய வீரியத்தைக் கேட்கவில்லை. ஆனால், பொருந்தாத பூச்சை உரித்து மறுபடி பூசுவதால் நச்சுத்தூள் இருமடங்காகிறது என்பதையும் தாங்கள் கருத வேண்டும்.

ஆகவே, பெயிண்டின் விலையையும் படகைக் கரையேற்றிய செலவையும் திருப்பித் தருமாறும், நின்றிருக்கும் படகுக்கு ஏற்ற பூச்சை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், ஓட்டத்தைப் பொறுத்ததே அந்த 12 மாதம் என்பதை டின்னிலேயே அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். சுரண்டுவதற்கு முன் எடுத்த படங்களையும் ரசீதையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
படகின் உரிமையாளர்