அடி வாங்கியவளையே பொலிசுக்கு அனுப்பாதீர்கள்

சுகாதார அமைச்சின் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கொழும்பிலுள்ள அரச வைத்தியசாலை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் தாதி நான். அங்கே இரவுகள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் இரவுக் கடமையில் இருந்த எங்கள் இளைய தாதி ஒருத்தியை, நோயாளியோடு வந்த ஒருவர் கன்னத்தில் அறைந்தார். எக்ஸ்ரேக்குப் போன தகப்பனைத் திருப்பிக் கொண்டுவரப் பிந்திவிட்டதாம். தள்ளுவண்டி தள்ள ஆள் இல்லாததற்கு அவள் என்ன செய்வாள்?

அறையை விட மோசமானது அதற்குப் பிறகு நடந்ததுதான். கடமை முடிந்து தனியாகத்தான் பொலிஸ் நிலையத்துக்குப் போனாள், நிர்வாகத்திலிருந்து ஒருவரும் துணைக்கு வரவில்லை. அடித்தவரின் அண்ணன் அதே வாங்கில் உட்கார்ந்திருக்க, முறைப்பாடு எழுதியவர் அவளுடைய வீட்டு முகவரியைக் கேட்டார். வத்தளையில் அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் இலக்கம், ஒழுங்கை என்று அவள் மெதுவாகச் சொல்லச் சொல்ல, அவர் அதையெல்லாம் சத்தமாகத் திருப்பிச் சொல்லி எழுதினார். அப்புறம், கோபத்தில் நடந்ததுதானே மிஸ், சமாதானமாகப் போங்களேன் என்று ஒரு புத்திமதி. அடுத்த நாளே அவள் முறைப்பாட்டை வாபஸ் வாங்கிவிட்டாள்.

கேட்பது ஒன்றுதான். கடமையில் இருப்பவர் மேல் கை வைத்தால், வைத்தியசாலையே முறைப்பாட்டாளராக நிற்க வேண்டும். முகவரி என்ற இடத்தில் வைத்தியசாலையின் முகவரி இருக்கட்டும். வார்டில் ஒரு கண்ணாடி உடைந்தால் அரச சொத்து என்று நிர்வாகம் ஓடி வருகிறது, 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டம் ஞாபகத்துக்கு வருகிறது. தாதியின் கன்னம் மட்டும் அவளுடைய சொந்த விவகாரம்!

2025 மார்ச்சில் அநுராதபுரத்தில் பெண் வைத்தியர் ஒருவருக்கு அந்தப் பாலியல் கொடுமை நடந்தபோது நாடே கொதித்தது, வைத்தியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த அளவுக்குப் போனால்தான் செய்தி. அறை, தள்ளு, தூஷணம் எல்லாம் எங்களுக்குச் சம்பளத்தோடு சேர்ந்து வருவது போல. சுகாதார ஊழியர்களில் 8 முதல் 38 வீதம் பேர் தங்கள் தொழில் வாழ்க்கையில் எப்போதாவது உடல்ரீதியாகத் தாக்கப்படுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாபஸ் வாங்கப்பட்டவை அந்தக் கணக்கில் சேருமோ, யார் கண்டது.

மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று சனத்திடம் சொல்ல வேண்டியவர்களும் நாங்கள்தான். முடிவு எடுப்பவர்கள் மேல் வரும் கோபம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர் மேல் விழுகிறது. சரி, அது பெரிய கதை, இன்று அதற்கு வரவில்லை.

லீவுப் படிவம் நிரப்புவதற்கே சுற்றறிக்கை அனுப்பும் அமைச்சுக்கு இது கஷ்டமான வேலை இல்லை. முறைப்பாட்டை வைத்தியசாலையே செய்ய வேண்டும், பாதிக்கப்பட்டவரோடு நிர்வாக உத்தியோகத்தர் ஒருவர் கட்டாயம் பொலிசுக்குப் போக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். தயவுசெய்து இந்த மாதத்துக்குள்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவுத் தாதி ஒருவர்
(வீட்டு முகவரி தருவதாக இல்லை)