செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன்

ஐயா,

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா கிடந்த விசைப்படகைக் கிளப்பும்போது செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) எடுக்காவிட்டால், உடனே மோட்டாரையே மாற்றிவிடுகிறார்கள். வீண் செலவு. பழுது பெரும்பாலும் மோட்டாருக்கு முன்னாலேயே இருக்கும்.

சாவியைத் திருப்பியதும் 'டக்டக்டக்' என்று விடாமல் அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினலிலும் எர்த் வயரிலும் பச்சை பூத்திருக்கும். உப்புக்காற்றில் இது சகஜம். 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கையில் 12.6 காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது.

பேட்டரி சரியாக இருந்தும் ஒரே ஒரு 'டக்' என்றால் சோலினாய்டைப் (சாவியைத் திருப்பியதும் பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) பாருங்கள். அதன் இரண்டு பெரிய போல்ட்டிலும் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஏறக்குறைய முழு வோல்ட்டும் காட்டினால் உள்ளே செம்புத் தகடு கருகித் தொடாமல் நிற்கிறது. 0.3 வோல்ட்டுக்குள் காட்டியும் மோட்டார் அசையவில்லையா? மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். புகைக்குழாய் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியும் இருக்கலாம். இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்காமல் மறுபடி சாவியைத் தொடாதீர்கள், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும்.

சத்தமே இல்லையென்றால் சோலினாய்டின் சின்ன வயர், ஃப்யூஸ், சாவி சுவிட்ச், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

ஸ்குரூடிரைவரால் பெரிய போல்ட்டுகளை இணைத்துப் பார்க்கும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். மோட்டார் வெறுமனே சுற்றும், அதன் பல்சக்கரம் இன்ஜினின் ஃப்ளைவீலை (பெரிய சுழல் சக்கரம்) பிடிக்காது. பறக்கும் பொறியில் பேட்டரி வாயு வெடிக்கலாம்.

- கடல் டீசல் இன்ஜின் மெக்கானிக்குகள், நாகப்பட்டினம்