துடைப்பம் பிடிக்க நம்பிக்கை வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கோயிலுக்குப் போனாலும் மனசு ஒட்டவில்லை, சாமி இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது, மனசுவிட்டுப் பேச ஆளும் இல்லை என்று போனில் சொன்னாய். முதல் இரண்டுக்கும் விடை தேடிக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தால் மூன்றாவது வளர்ந்துகொண்டேதான் போகும். அதனால் மூன்றாவதிலிருந்து ஆரம்பி. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழவாரப்பணிக்குப் போ, அதாவது குழுவாகச் சேர்ந்து பழைய கோயிலில் களை பிடுங்கிச் சுத்தம் செய்கிற வேலைக்கு.

நம்பிக்கை வந்த பிறகுதான் போக வேண்டும் என்று நினைக்காதே. புல் செதுக்குகிற உழவாரத்தைத் தோளில் சாய்த்து நிற்கிற அப்பர் (திருநாவுக்கரசர்) சிலையை எத்தனை கோயிலில் பார்த்திருக்கிறாய்! அவரே சைவத்தை விட்டுப் போய்ச் சமணத்தில் தருமசேனராக இருந்தவர்தான். சூலை நோயோடு இரவில் திருவதிகைக்கு வந்து அக்கா காலில் விழுந்தபோது, திலகவதியார் அவரிடம் வாதம் செய்யவில்லை. திருநீறு கொடுத்தார். விடியப்போகிற நேரம், அலகு (துடைப்பம்), மெழுக்கு (மெழுகுகிற சாணம்), தோண்டி (தண்ணீர்க் குடம்) எடுத்துக்கொண்டு கோயிலில் அன்றாட வேலைக்குக் கிளம்பினார். தம்பியும் கூடவே போனார். பெரியபுராணத்தில் சேக்கிழார் அந்தத் துடைப்பத்தையும் சாணத்தையும் மறக்காமல் பாட்டில் வைத்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

உன் பக்கத்துப் பழைய சிவன் கோயிலில் ஓதுவாரையோ அலுவலகத்தில் இருப்பவரையோ கேட்டால் எந்தக் குழு வருகிறது என்று சொல்வார்கள். சென்னையிலிருந்து போகிற குழுக்கள் பெரும்பாலும் செங்கல்பட்டு, உத்திரமேரூர், காஞ்சிபுரம் பக்கத்துச் சிறு கோயில்களுக்குத்தான் போகும். சேருவதற்கு முன் ஒன்று கேள்: நிர்வாக அதிகாரியிடமோ தர்மகர்த்தாவிடமோ முன்கூட்டியே அனுமதி வாங்குகிறார்களா? வாங்காத குழு வேண்டாம். தொல்லியல் துறை வசம் உள்ள கோயிலில் அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு புல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது.

முழுக்கைச் சட்டை, தொப்பி, தடித்த கையுறை, முகத்துக்குக் கட்ட ஒரு துண்டு, இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள். பார்த்தீனியச் செடி வெறுங்கையில் பட்டால் சிலருக்குத் தோல் தடித்து வாரக்கணக்கில் அரிக்கும். கல் இடுக்கில் கை விடும் முன் கம்பால் தட்டிப் பார், பாம்பு கிடக்கும். கோபுரத்தில் தேன்கூடு இருந்தால் அந்தப் பக்கம் புகை, கூச்சல் எதுவும் ஆகாது. வௌவால் எச்சத்தை உலர்ந்தபடியே கூட்டாதே, அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மூக்கைக் கட்டிக்கொண்டு வழித்தெடு.

புதிதாக வருகிறவர்கள் அதிக ஆர்வத்தில் செய்கிற தப்பு, சுவரில் முளைத்த அரசங்கன்றை இழுத்துப் பிடுங்குவது. பறவை எச்சத்தில் வந்த விதைதான். ஆனால் வேர் கல் இணைப்புக்குள் முழக்கணக்கில் ஓடியிருக்கும். இழுத்தால் கல்லும் கூட வரும். மேலே மட்டும் வெட்டினாலோ அடுத்த மழைக்குத் தழைத்துவிடும். வெட்டின உடனே, பச்சை ஈரம் காய்வதற்குள், வெட்டுவாயில் வேரைச் சாகடிக்கிற மருந்து தடவ வேண்டும். வேர் செத்த பிறகு இடுக்கைச் சுண்ணாம்புக் காரையால் அடைப்பது ஸ்தபதி வேலை. சிமென்ட் பூசலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடு. பழைய காரைக்குள் இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே உதிரும்.

விளக்கேற்றும் இடத்தில் தரையில் எண்ணெய் ஏறி வழுக்கும். அதில் தண்ணீர் மட்டும் ஊற்றினால் இன்னும் மோசம். அரப்புத்தூளை விரல் கனத்துக்குத் தூவி அரை மணி நேரம் விட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, வெந்நீர் விட்டுக் கழுவு. ஆசிட் வேண்டவே வேண்டாம், அது கல் இணைப்பில் உள்ள சுண்ணாம்பைத் தின்றுவிடும். கல்வெட்டு உள்ள சுவரில் தண்ணீரும் மெல்லிய நார்த் தூரிகையும் போதும், கம்பித் தூரிகை பட்டால் எழுத்து தேயும். பித்தளை விளக்குகளுக்குப் புளியைப் பூசிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய், செங்கல்தூள் கீறிவிடும். கழுவினதும் துணியால் ஈரம் போகத் துடைக்கவில்லையென்றால் மறுபடி களிம்பு பிடிக்கும். கருவறைக்குள் உன் வேலை எதுவும் இல்லை, அது குருக்கள் பொறுப்பு.

இனி ஆட்கள். முதல் நாளே எல்லோரிடமும் போய்ப் பேசத் தேவையில்லை. உன்னைவிட மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று, "ஐயா, இதை எப்படிச் செய்யணும்?" என்று கேள். கற்றுக்கொடுத்தவருக்கு உன் முகம் மறக்காது. குப்பை அள்ளிய சட்டி கைமாறுகிற வரிசையில் நின்றால் அரை மணி நேரத்தில் முன்னால் இருப்பவர், பின்னால் இருப்பவர் இரண்டு பேர் பெயரும் தெரிந்துவிடும். அந்தப் பெயர்களை வீட்டுக்கு வந்ததும் எழுதி வை. நான்கு பேருக்குப் போதுமான எலுமிச்சை சாதம் கொண்டு போ. தனியாகச் சாப்பிட நேராது. வாரத்தின் நடுவில் ஒருவருக்காவது போன் செய், ஆனால் "எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். போன தடவை அவர் சொன்ன முழங்கால் வலியையோ மகள் பரீட்சையையோ கேள்.

கடைசியில் கூட்டு வழிபாடு இருக்கும். பாட வரவில்லையென்றால் தாளம் போடு, அதுவும் மனசு வரவில்லையென்றால் பேசாமல் உட்கார். பக்தி இருப்பதுபோல் நடிக்காதே. யாராவது கேட்டால், "எனக்கு இன்னும் தெளிவில்லை, வேலை செய்யத்தான் வருகிறேன்" என்று சொல்லிவிடு. அதைப் பொறுக்க முடியாத குழு என்றால் வேறு குழு பார். படம் எடுத்துப் போடுவதிலேயே பாதி நாள் போகிற குழுக்களும், சாதி கேட்கிற குழுக்களும் இருக்கின்றன. அங்கே நீ இருக்க வேண்டாம்.

நான்கு ஞாயிறும் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் மூன்றாம் மாதம் காணாமல் போவார்கள். நீ ஒன்றே போ, ஆனால் அந்த ஒன்றை விடாதே. சந்தேகம் அப்போதும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் கோயில் வேலை அதற்கு மருந்தல்ல, மருத்துவரைப் பார். மனநல உதவிக்கு அரசு நடத்துகிற டெலி மானஸ் தொலைபேசி எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் முதலில் அங்கே சொல்.

அரப்புத்தூள் அரைக் கிலோ, ஒரு ஜோடி தோல் கையுறை, உன் பழைய முழுக்கைச் சட்டை இரண்டு பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை கிளாம்பாக்கத்தில் வாங்கிக்கொள். அரப்பு ஈரம் படக் கூடாது, வந்ததும் டப்பாவில் கொட்டி மூடி வை.

அன்புடன்,
அம்மா