மஞ்சள் அட்டை

அன்புள்ள தேனுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ போனில் அனுப்பிய பயணத் திட்டத்தைப் பிரிண்ட் எடுத்துவரச் சொல்லி மூன்று தடவை படித்துவிட்டேன். முதலில் ஊசி. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயா இல்லையா? போன வாரம் கேட்டதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாய். போட்டாயிற்று என்று அர்த்தமா, பார்க்கலாம் என்று அர்த்தமா?

கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டும், அப்போதுதான் சான்றிதழ் செல்லும். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும். அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் பிரேசிலிலிருந்து திரும்பினால் ஏர்போர்ட்டிலேயே நிறுத்தி ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்னாலேயே பதிவு செய்துகொள். சின்ன வயதில் முட்டை சாப்பிட்டால் உனக்கு உடம்பெல்லாம் தடித்துப்போகுமே, அதைக் கட்டாயம் சொல். இந்த மருந்தை முட்டைக் கருவில் வைத்துத்தான் வளர்க்கிறார்கள். கர்ப்பமா என்றும் கேட்பார்கள். எல்லாப் பெண்களிடமும் கேட்பதுதான். நான் கேட்கவில்லை.

பாந்தனால் சதுப்புநிலத்துக்கு ஆகஸ்டில் போவது நல்ல யோசனை. நவம்பரில் பிடிக்கும் மழை மார்ச் வரை விடாதாம். இப்போது தண்ணீர் வடிந்து, மிருகமெல்லாம் ஆற்றோரம் வந்து கூடியிருக்கும். நம் ஊர் வெள்ளம் ஒரே ராத்திரியில் வந்து நாற்றை முக்கிவிட்டுப் போகும். அங்கே தரை அவ்வளவு மட்டமாம், வடக்கே பெய்த மழை தெற்கே போய்ச் சேர மாதக்கணக்காகுமாம். அப்படி நிதானமாக வரும் வெள்ளத்தை நான் பார்த்ததே இல்லை. சிறுத்தை மாதிரி இருக்கிற அந்த ஜாகுவார், படகிலிருந்தே தெரியும் என்று எழுதியிருக்கிறாய். தெரிந்தால் போதும், நன்றாகப் படம் எடுக்கிறேன் என்று படகைவிட்டு இறங்காதே.

அந்த ரோடுதான் எனக்குக் கவலை. போகோனேயிலிருந்து போர்ட்டோ ஜோஃப்ரே வரை 145 கிலோமீட்டர் மண் ரோடு, வழியில் 100-க்கு மேல் பாலம், முன்பெல்லாம் பெரும்பாலும் மரப்பாலமாம். நீயே ஓட்டிப் போகிறாயாம். உனக்கு ஓட்டத் தெரியும், இல்லையென்று சொல்லவில்லை. பொம்பளை மொபெட் ஓட்டுகிறாள் என்று என்னைப் பேசிய தெருவில் இப்போது, என் மகள் பிரேசிலில் ஜீப் ஓட்டப்போகிறாள் என்று நானே சொல்லிக்கொண்டு திரிகிறேன். தனியாகவா என்று கேட்டுவிடுவார்களோ என்று அதற்குள் பேச்சை மாற்றிவிடுவேன்.

திட்டத்தில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ரூமும் ஒருவருக்குத்தான். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையோ என்னவோ. அது இருக்கட்டும். கொசு கடிக்காமல் முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள். பகலெல்லாம் வெயில் அடித்தாலும் தெற்கிலிருந்து காற்று திரும்பினால் திடீரென்று குளிருமாம், ஸ்வெட்டர் வேண்டும். 2020-இல் தீப்பிடித்து அந்தச் சதுப்பில் கால்வாசி எரிந்துபோனது. ஆகஸ்டும் செப்டம்பரும்தான் அங்கே தீக்காலம். புகை பட்டால் உனக்கு உடனே இழுக்கும். இன்ஹேலரைக் கைப்பையில் வை, பெட்டியில் வைக்காதே.

பெட்டி என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. போன வருஷம் ஆடியில் அந்த நீலப் பெட்டியோடு வந்தாய். நாலு நாள் இருந்தாய். 32 வருஷம் வீடு வீடாகப் போன நர்சம்மா நான். விழுந்ததால் வந்த காயம் எது, அடித்ததால் வந்த காயம் எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எத்தனை பெண்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கிறேன். கிணற்றடியில் நீ சட்டைக் கையை மடித்தபோது பார்த்தேன், தேனு. பார்த்துவிட்டு, சாதம் வடிக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டேன். ஐந்தாம் நாள் முறுக்கு கட்டிக்கொடுத்து நானே பஸ் ஏற்றிவிட்டேன். இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமா என்று நீ கேட்டது எனக்குக் காதில் விழவில்லை என்று நினைத்திருப்பாய். விழுந்தது.

அங்கே குயபா நகரத்தில் ராத்திரி எட்டு மணி என்றால் இங்கே மறுநாள் காலை ஐந்தரை. அந்த நேரத்துக்கு நான் எழுந்துதான் இருப்பேன். சிக்னல் கிடைக்கிற இடத்தில் கூப்பிடு. திரும்பி வரும்போது நேராக இங்கே வா. பெட்டியோடு வா. பஸ் எத்தனை மணிக்கு என்று நான் கேட்கமாட்டேன்.

ஊசி போட்டதும் அட்டையைப் படமெடுத்து அனுப்பு. கட்டைவிரல் வேண்டாம்.

அம்மா