ஆன் ஈட்டனின் கொடிவழி: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்பு நண்பர்களே,

ஆன் லாய்ட், ஆன் யேல், ஆன் ஈட்டன். ஒரே பெண்மணிக்கு மூன்று குடும்பப் பெயர்கள். அவருடைய கொடிவழித் தொகுப்பு ஒருவழியாக முடிந்து, கேட்டவர்கள் எல்லோருக்கும் அனுப்பியாகிவிட்டது. அட்டையில் என் பெயர் இருக்கிறது. உள்ளே இருக்கும் உழைப்பில் பெரும்பங்கு உங்களுடையது. தனித்தனியே கடிதம் போட்டுவிட்டேன் என்றாலும், பொதுவில் ஒருமுறை சொல்லாமல் மனசு ஆறவில்லை.

சென்னைக்காரனுக்கு நியூ இங்கிலாந்தின், அதாவது அமெரிக்காவின் வடகிழக்குக் கரையின், பியூரிட்டன் குடும்பத்தில் (இங்கிலாந்துத் திருச்சபையைச் சீர்திருத்த விரும்பிய கண்டிப்பான கிறிஸ்தவர்கள்) என்ன வேலை என்று பலர் கேட்டீர்கள். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம்தான் காரணம். 1680 அக்டோபர் 28 அன்று அது அர்ச்சிக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4 அன்று, அங்கே நடந்த முதல் திருமணம் எலிஹு யேலுக்கும் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவைக்கும். பின்னால் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்த அதே யேல்தான். அவர் பெயரில் அமெரிக்காவில் பல்கலைக்கழகம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் பாஸ்டனில் பிறந்தவர் என்பதும், அவருடைய பாட்டி ஒரு பியூரிட்டன் குடியேற்றத்தின் தலைவர் வீட்டு அம்மா என்பதும் இங்கே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தப் பாட்டிதான் ஆன்.

அவருடைய பிறந்த வீட்டைப் பற்றிய தகவல்களுக்கு வடக்கு வேல்ஸிலும் செஸ்டரிலும் இருக்கும் ஆவணக் காப்பக ஊழியர்களுக்கு நன்றி. ஆனின் அப்பா ஜார்ஜ் லாய்ட் 1605 முதல் 1615 வரை செஸ்டரின் பிஷப். முதல் கணவர் தாமஸ் யேலின் அப்பா டாக்டர் டேவிட் யேல், அதே மறைமாவட்டத்தின் சான்சலர், அதாவது பிஷப்பின் சட்ட அதிகாரி. இரண்டு பக்கமும் பிஷப் ஆட்சியில் ஊறிய குடும்பங்கள். அந்த வீட்டுப் பெண்ணும் பிள்ளைகளும் பிஷப்புகளே வேண்டாம் என்று கப்பலேறிய கூட்டத்தோடு எப்படிப் போனார்கள்? தாமஸ் 1619இல் இறந்துவிட, ஆன் மறுமணம் செய்துகொண்டது தியோஃபிலஸ் ஈட்டன் என்ற லண்டன் வணிகரை. ஈட்டனின் இளமைக்கால நண்பர் ஜான் டேவன்போர்ட் என்ற போதகர். இங்கிலாந்தில் பியூரிட்டன்களுக்கு நெருக்கடி முற்றியபோது இவர்கள் ஹெக்டர் என்ற கப்பலில் கிளம்பி 1637 ஜூனில் பாஸ்டன் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் க்வின்னிப்பியாக் பூர்வகுடிகளின் துறைமுகக் கரைக்குப் போய் ஊர் அமைத்தார்கள். 1640 முதல் அதன் பெயர் நியூ ஹேவன். ஈட்டன் சாகும்வரை அவர்தான் அங்கே தலைவர்.

பழைய கையெழுத்தை வாசிக்கக் கற்றுக்கொடுத்த லீட்ஸ் நகர ஆசிரியை அம்மாவுக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. பதினேழாம் நூற்றாண்டு எழுத்தரின் கையில் ‘சி’ எழுத்து ‘ஆர்’ போல இருக்கும், ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போல நீளும், ‘ஹெச்’ வரிக்குக் கீழே வால் விட்டுத் தொங்கும். ஒரு வரியை நான் அரைநாள் முறைத்துக்கொண்டிருப்பேன். அவர் காபி ஆறுவதற்குள் படித்துச் சொல்லிவிடுவார். தேதிக் குழப்பத்தைத் தீர்த்ததும் அவரே. இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752 வரை வருடம் பிறந்தது மார்ச் 25 அன்று. போதாக்குறைக்கு, ஜனவரி, மார்ச் என்ற பெயர்களெல்லாம் ரோமானிய தெய்வங்களுடையவை என்று பியூரிட்டன்கள் மாதங்களை எண்ணால் குறித்தார்கள். மார்ச்சுதான் அவர்களுக்கு முதல் மாதம். ஆகவே 1657ஆம் வருடம் பதினொன்றாம் மாதம் ஈட்டன் இறந்தார் என்றால், நம் கணக்கில் அது 1658 ஜனவரி. இதைக் கவனிக்காத வம்சாவளிப் பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி, அப்பாவுக்கு முன்னால் மகன் பிறந்த அதிசயமெல்லாம் நடந்திருக்கிறது.

நியூ ஹேவனில் இருக்கும் நூலக நண்பருக்கு அடுத்த நன்றி. ஆன் மீது அந்த ஊர்த் தேவாலயச் சபை நடத்திய விசாரணையின் பதிவை எனக்குப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பியவர் அவர். தொகுப்பின் உயிரே அந்தப் பகுதிதான்.

குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது வேதத்தில் இல்லை என்ற கருத்து ஆனுக்கு வந்தது. டெபோரா மூடி என்ற சீமாட்டி கொடுத்த ஒரு புத்தகத்தைப் படித்த பிறகு வந்தது. சபையில் நற்கருணை நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார். தலைவரின் மனைவியே இப்படிச் செய்தால் ஊர் சும்மா இருக்குமா? டேவன்போர்ட் பேசிப் பார்த்தார், அவர் மசியவில்லை. அப்புறம் வீட்டு விவகாரங்கள் வெளியே வந்தன. வயதான மாமியாரைச் சாப்பாட்டு மேசையில் அறைந்தார், மூத்தாள் மகள் மேரியை உடம்பு கன்றிப்போகக் கிள்ளினார், பீர் சரியாக ஊறாததற்கு அந்தோனி என்ற கறுப்பின வேலைக்காரர் சூனியம் வைத்தார் என்றார்… குற்றச்சாட்டுகள் இப்படி நீளுகின்றன. கடைசியில் 1645இல் அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள்.

இதில் எத்தனை உண்மை, எத்தனை ஜோடனை என்று பிரிப்பது கடினம். வேதக் கருத்தில் வாதாடித் தோற்கடிக்க முடியாதவரை நடத்தையில் பிடித்தார்கள் என்பது என் கணிப்பு. அதற்காக ஆனை நான் தியாகி ஆக்கவும் தயாரில்லை. அந்த மேரியின் கையை நினைத்துப் பார்த்தால் போதும். ஆனால் ஒன்று. அந்தக் காலத்துப் பெண்கள் பெரும்பாலோர் பதிவேட்டில் வருவது பிறப்பு, திருமணம், சாவு என்று மூன்றே வரிகளில். ஆன் என்ன படித்தார், எதற்குக் கோபப்பட்டார், என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் நமக்குத் தெரிகிறதென்றால், சபை அவரை அவமானப்படுத்த உட்கார்ந்து எழுதியதால்தான் தெரிகிறது. அந்தோனி என்பவரின் பெயரும் அதே காகிதத்தில்தான் தப்பிப் பிழைத்திருக்கிறது.

மகள் ஆன் ஹாப்கின்ஸின் கதையும் இதே தினுசு. கனெக்டிகட் கவர்னராக இருந்த எட்வர்ட் ஹாப்கின்ஸின் மனைவி. அந்த மகளுக்குப் புத்தி பேதலித்தது என்று மாசசூசெட்ஸ் கவர்னர் ஜான் வின்த்ரோப் 1645இல் நாட்குறிப்பில் எழுதுகிறார். காரணம், வாசிப்பிலும் எழுத்திலும் மூழ்கிப்போனாராம். பெண்களுக்குரிய வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பாராம். அம்மா புத்தகம் படித்துச் சபையை இழந்தார், மகள் படித்துப் புத்தியை இழந்தார் என்று ஊர் சொல்லியிருக்கும். அந்த மகள் எழுதியதில் ஒரு தாளாவது கிடைக்குமா என்று என்னோடு சேர்ந்து தேடிய இருவருக்கும் நன்றி. கிடைக்கவில்லை. தேடியதற்கே நன்றி.

மகன் டேவிட் யேல், அதாவது எலிஹுவின் அப்பா, நியூ ஹேவனில் நிலைக்காமல் பாஸ்டனுக்குப் போனவர். சபை உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் உரிமை வேண்டும் என்று ராபர்ட் சைல்ட் 1646இல் கொடுத்த மனுவில் கையெழுத்திட்ட ஏழு பேரில் ஒருவர். அபராதம்தான் மிச்சம். 1649இல் எலிஹு பிறந்தார். சில வருடங்களில் குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. அடுத்த மகன் தாமஸ் நியூ ஹேவன் பக்கமே வேர் விட்டார். அமெரிக்காவின் யேல்கள் பெரும்பாலோர் தாமஸின் வழி. நம் வீட்டுக் கதவுகளில் தொங்கிய யேல் பூட்டைச் செய்த லைனஸ் யேல் குடும்பமும் அந்தக் கிளைதான். 1908இல் நெப்ராஸ்காவில் அச்சான யேல் வம்சாவளி நூல் ஒன்று இந்தக் கிளையை விரிவாகச் சொல்கிறது. அதன் படியைத் தேடித் தந்த கல்லூரித் தோழனுக்கு ஒரு பிரியாணி பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை.

சென்னையில் உதவியவர்களை மறந்தால் வீட்டில் சோறு கிடைக்காது. உயர் நீதிமன்ற வளாகத்தில், பழைய சட்டக் கல்லூரிக்குப் பின்னால், கூம்பு வடிவில் நிற்கும் கல்லறையைக் காட்டிய வழக்கறிஞர் தம்பிக்கு நன்றி. ஆங்கிலேயரின் பழைய இடுகாடு அங்கேதான் இருந்தது. 1758–59 பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு அதை இடித்துத் தரைமட்டமாக்கி, கல்வெட்டுகளைப் புனித மேரி தேவாலய முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தப்பி நின்றவற்றில் இது ஒன்று. கேத்தரினின் முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸும், எலிஹுவின் சின்னஞ்சிறு மகன் டேவிட் யேலும் இதில் இருக்கிறார்கள்.

அந்தப் பெயரைக் கொடிவழியில் வைத்துப் பாருங்கள். செஸ்டர் சான்சலர் டேவிட், அவர் மகன் தாமஸ், அவர் மகன் டேவிட், அவர் மகன் எலிஹு, அவர் மகன் மறுபடியும் டேவிட். தாத்தா பெயர் பேரனுக்கு, இரண்டு முறை. இதைக் கவனித்துச் சொன்னவர் என் அண்ணி. வம்சாவளி ஆராய்ச்சியே பிடிக்காதவர். நான் தேதிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ‘நம்ம வீட்டு வழக்கம்தானே இதுவும்’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். ஆக, ஆன் ஈட்டனின் கொள்ளுப்பேரன் நம் ஊர் மண்ணில் கிடக்கிறான்.

எலிஹுவைப் பற்றி எழுதும்போது ஒரு நண்பர் கறாராக இருந்தார், அவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். 1718இல் எலிஹு அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், அரசர் முதலாம் ஜார்ஜின் படமும்தான் கனெக்டிகட் கல்லூரிக்கு அவர் பெயரை வாங்கித் தந்தன. சரக்கு விற்று வந்தது 562 பவுண்டு. அதே மனிதர் அமர்ந்திருந்த கோட்டைக் கவுன்சிலின் பதிவுகளில் அடிமைகளைக் கப்பலேற்றிய செய்திகளும் இருக்கின்றன. ‘முன்னதை எழுதினால் பின்னதையும் எழுது’ என்றார் நண்பர். எழுதியிருக்கிறேன், பாட்டி வீட்டு அந்தோனியோடு சேர்த்து.

பிரதி வேண்டுவோர் கேளுங்கள், அனுப்புகிறேன். பிழை கண்டால் ஆதாரத்தோடு சொல்லுங்கள். அடுத்தது ஆனின் இளைய மகள் ஹன்னாவின் கிளை. அவரை மணந்த வில்லியம் ஜோன்ஸ், அரசர் முதலாம் சார்லஸுக்கு மரண தண்டனை விதித்தவர்களில் ஒருவரான ஜான் ஜோன்ஸின் மகன் என்று பரம்பரைக் கதை ஒன்று உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது, சான்றுதான் வேண்டும். நியூ ஹேவன் நண்பரே, மறுபடியும் உங்களுக்குத் தொல்லை தரப்போகிறேன், தயாராக இருங்கள்.

நன்றியுடன்,
சென்னையிலிருந்து