ஏரியைச் சுற்ற வேண்டாம், கரையில் தங்கு

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அப்பாவும் நானும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தோம். சிகாகோவில் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து, இண்டியானா மணற்குன்றுகள், லடிங்டன், ஸ்லீப்பிங் பேர் என ஒவ்வோர் இடத்திலும் ஓர் இரவு தங்கி, மேக்கினா பாலத்தைக் கடந்து மேல் தீபகற்பத்தை எட்டிப் பார்த்துவிட்டு, விஸ்கான்சினின் டோர் கவுண்டி வழியாகத் திரும்புவது என்று ஒரே வாரத்தில் மிச்சிகன் ஏரியை முழுவதும் வலம்வர நினைத்திருக்கிறாய். காரில் போய் விடுதியில் தங்குகிறவர்களுக்கு அது ஒருவேளை ஒத்துவரும். ஆர்.வி.யில் போகிறவர்களுக்கு ஒத்துவராது என்பது எங்கள் இருவரின் கருத்து. காரணத்தைச் சொல்லாமல் வேண்டாம் என்றால் நீ கேட்க மாட்டாய் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆர்.வி.யில் ஓர் இடத்தை விட்டு இன்னோர் இடத்துக்குப் போவது என்பது ஒவ்வொரு முறையும் வீட்டைக் காலி செய்து வேறு வீட்டில் குடியேறுவதுதான். போய்ச் சேர்ந்ததும் வண்டி மட்டமாக நிற்கிறதா என்று பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளைக் கொடுத்து ஏற்ற வேண்டும். வாயுவில் ஓடும் பழைய வகைக் குளிர்சாதனப் பெட்டி வண்டி சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது, நாளடைவில் பழுதாகியும் விடும். பிறகு முகாமின் மின் இணைப்புக் கம்பத்திலுள்ள பிரேக்கரை அணைத்துவிட்டு மின்கம்பியைச் செருகி, அதன் பின்னரே பிரேக்கரைப் போட வேண்டும். குடிநீருக்கென்று தனியாக உள்ள குழாயைத் தவிர வேறு எதையும் தண்ணீர் பிடிக்கப் பயன்படுத்தக் கூடாது. கிளம்பும் நாளில் இவை அத்தனையும் தலைகீழ் வரிசையில் நடக்கும். அலமாரிக் கதவு ஒன்றைச் சரியாகச் சாத்தாமல் விட்டாலும் முதல் வளைவிலேயே மிளகாய்த்தூள் டப்பா தரையில் இருக்கும். பழகாத கைகளுக்கு வரும்போது ஒரு மணி நேரமும் போகும்போது ஒரு மணி நேரமும் ஆகும் என்று வைத்துக்கொண்டால், தினம் ஓர் ஊர் என்ற உன் திட்டத்தில் குழந்தைகள் ஏரியில் கால் நனைப்பதற்கு மிஞ்சும் பொழுது எவ்வளவு என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

மின்சாரத்தைப் பற்றி நந்தினியிடமும் சொல்லிவிடு. பெரும்பாலான முகாம்களில் உங்களுக்குக் கிடைப்பது 30 ஆம்ப் இணைப்பு. அதாவது எல்லாம் சேர்த்து 3,600 வாட். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது மைக்ரோவேவையும் மின்சாரக் கெட்டிலையும் ஒரே நேரத்தில் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். சமையலை வாயு அடுப்பிலேயே வைத்துக்கொள்வது நல்லது. குக்கரைக் கொண்டு போகலாம், ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் அமைதி நேரம். விசில் சத்தம் நாலு வண்டிகளுக்குக் கேட்கும்.

யாரும் பேச விரும்பாத விஷயம் ஒன்று இருக்கிறது. மாநிலப் பூங்காக்களின் முகாம்களில் பெரும்பாலும் மின் இணைப்புதான் இருக்குமே தவிர, நிற்கும் இடத்திலேயே கழிவுநீர் இணைப்பு இருக்காது. கழிப்பறைத் தொட்டி ஒன்று, குளியல் மற்றும் பாத்திரம் கழுவும் நீர்த் தொட்டி ஒன்று என வண்டியில் இரண்டு தொட்டிகள் இருக்கும்; கிளம்பும்போது டம்ப் ஸ்டேஷன் என்கிற கழிவுநீர் கொட்டும் இடத்துக்கு ஓட்டிப்போய்க் கையுறை போட்டுக்கொண்டு அவற்றைக் காலி செய்ய வேண்டும். முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறந்து முழுவதும் வடிய விட்டு, அதை மூடிய பிறகே சோப்புத் தண்ணீர்த் தொட்டியைத் திறக்க வேண்டும். பின்னால் வருகிற நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும் என்பதற்காகவே இந்த வரிசை. எங்கள் வண்டியில் இது என் வேலை, ஏனென்றால் உன் அப்பாவுக்குப் பொறுமை போதாது. ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்தால் யாருக்கும் பொறுமை போதாது. ஆகையால் வார நடுவில் கிளம்புவதுபோல் நாட்களை மாற்றிக்கொள்.

நாங்கள் சொல்வது இதுதான்: லடிங்டன் மாநிலப் பூங்காவில் நான்கு இரவுகள் தங்கு, திரும்பும் வழியில் இண்டியானா மணற்குன்றுகளில் இரண்டு இரவுகள் தங்கு. லடிங்டனில் ஒரு பக்கம் மிச்சிகன் ஏரியும் மறுபக்கம் ஹேம்லின் ஏரியும் இருக்க, இடையே மணல்மேடும் காடுமாக நிலம் கிடக்கிறது. மிச்சிகன் ஏரியில், கரையில் பறக்கும் எச்சரிக்கைக் கொடியின் நிறத்தைப் பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது. கடலில் உள்ளதுபோலவே ஆளை உள்ளிழுக்கும் நீரோட்டம் அங்கே உண்டு. காற்றின் திசை மாறினால் ஜூலையிலும் ஒரே இரவில் தண்ணீர் உறைய வைக்கும் குளிராகிவிடும். அந்த நாட்களில் குழந்தைகளை ஹேம்லின் ஏரிக்கு அழைத்துப் போ. அது ஆழம் குறைந்தது, வெதுவெதுப்பானது. இரண்டு ஏரிகளையும் இணைக்கும் சேபிள் ஆற்றில் காற்றடைத்த வளையத்தில் உட்கார்ந்து மிதந்து வருவதை அவர்கள் நாள் முழுவதும் சலிக்காமல் செய்வார்கள். முகாமிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் மணற்பாதையில் நடந்தால் 1867-ஆம் ஆண்டின் பிக் சேபிள் கலங்கரை விளக்கம், 112 அடி உயரத்தில், கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு நிற்கும். கோடையில் சூரியன் மறைவதற்கே இரவு ஒன்பதரை ஆகிவிடும் என்பதால், வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பினாலும் போதும்.

விறகை இண்டியானாவிலிருந்தோ சிகாகோவிலிருந்தோ கட்டிக்கொண்டு வராதே. 2002-இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு, விறகோடு விறகாக ஊர் ஊராகப் போய், இந்தப் பகுதியின் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்துவிட்டது. விறகைத் தங்கும் இடத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். காட்டுப் பாதையில் போய்வந்தால் அன்றிரவே குழந்தைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பார். லைம் நோயைப் பரப்பும் குட்டி உண்ணி எள்ளைவிடச் சிறியது.

புயல் எச்சரிக்கைகள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பெயரைச் சொல்லித்தான் வரும். லடிங்டன் இருப்பது மேசன் கவுண்டியில். அதை எழுதி ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டிவை. சூறாவளி எச்சரிக்கை வந்தால் ஆர்.வி.க்குள் இருக்கவே கூடாது, குளியலறைக் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். அதே தாளில் வண்டியின் உயரத்தையும் எழுது. சிகாகோவின் பழைய ரயில் பாலங்கள் சிலவற்றுக்கு அடியில் அது நுழையாது.

விஸ்கான்சினையும் பார்த்தே தீர வேண்டும் என்று நந்தினி ஆசைப்பட்டால் அதற்கும் வழி உண்டு. லடிங்டனிலிருந்து மானிட்டோவாக்குக்கு எஸ்.எஸ். பேட்ஜர் என்ற நிலக்கரி நீராவிக் கப்பல் ஆர்.வி.க்களையும் ஏற்றிக்கொண்டு நான்கு மணி நேரத்தில் ஏரியைக் கடக்கிறது. அப்படிப் போனால் மணற்குன்றுகளை விட்டுவிட வேண்டியிருக்கும். கட்டணம் வண்டியின் நீளத்தைப் பொறுத்தது. வாடகை ஒப்பந்தம் கப்பலில் ஏற்ற அனுமதிக்கிறதா என்பதை முதலில் கேட்டுக்கொள்.

மிச்சிகன் பூங்காக்களில் ஆறு மாதம் முன்பே பதிவு தொடங்கிவிடுவதால் ஜூலைக்கு இப்போது இடம் இருக்காது. ஆனால் ரத்து செய்கிறவர்கள் தினமும் இருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் அதைப் பார்க்கும் வேலையை அப்பா ஏற்றுக்கொண்டிருக்கிறார். அதற்கு வண்டியின் நீளம் எத்தனை அடி என்று தெரிய வேண்டும். நாளைக்குள் அதைக் கேட்டு எழுது. வெளிமாநில வண்டிக்குரிய பூங்கா அனுமதிச் சீட்டைப் பற்றி பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா